குருணை வரிசை

எங்கள் வெடி கம்பெனி வாசலில் மூன்று வரிசைகள் இருந்தன. இடப்பக்கம் ஆண்கள். அவர்களை வாட்ச்மேன் உக்கிரபாண்டி தடவிப் பார்ப்பார். பீடி, தீப்பெட்டி, பெல்ட், சாவி எதுவும் உள்ளே போகக்கூடாது. வலப்பக்கம் பெண்கள். அவர்களை வேலுத்தாய் மதினி பார்ப்பாள். கொண்டை ஊசி, ஊக்கு, கொலுசு எல்லாவற்றையும் கழற்றி ஒரு தகர டப்பாவில் போட்டுவிட வேண்டும். இரும்பு உரசினால் பொறி வரும். உள்ளே எல்லா இடத்திலும் மருந்து.

நடுவில் பிள்ளைகள் வரிசை. அதற்குத் தனியாக ஆள் கிடையாது. இருவரில் யாருக்குக் கை ஒழிகிறதோ அவர் வந்து, தலையிலிருந்து கால் வரை இரண்டு கையாலும் அழுத்தித் தடவி, முதுகில் ஒரு தட்டுத் தட்டி உள்ளே விடுவார். நொய்யரிசி மாதிரிச் சிறுசுகள் என்பதால் குருணை வரிசை என்று அதற்குப் பெயர் வைத்தவர் உக்கிரபாண்டி.

மணி அந்த வரிசைக்குப் பத்து வயதில் வந்தார். இருபது வயதிலும் அங்கேதான் நின்றார்.

மணி என் கூடப்பிறந்தவர், என்னைவிட நான்கு வயது மூத்தவர். செல்வமணி என்பது ஞானஸ்நானப் பெயர். அரைக்கைச் சட்டை போட்டு, இடுப்பில் லுங்கி போலச் சாரம் கட்டி, இரண்டு கையிலும் கண்ணாடி வளையல் போட்டிருப்பார். முடி கழுத்து வரை இருக்கும். பன்னிரண்டு வயதில் ஒருநாள், "நான் ஆம்பளையும் இல்ல, பொம்பளையும் இல்லம்மா" என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைக்காமலே, "சரி. குடத்த எடுத்துட்டுப் போ, குழாயில தண்ணி நின்னுரப் போவுது" என்றாள். அதற்கு மேல் அந்தப் பேச்சு எங்கள் வீட்டில் நடக்கவில்லை. நான் சின்ன வயதில் அண்ணன் என்று கூப்பிட்டும் அடி வாங்கியிருக்கிறேன், அக்கா என்று கூப்பிட்டும் அடி வாங்கியிருக்கிறேன். பிறகு மணி என்றே கூப்பிட்டேன். மணி பிறந்தபோது மருத்துவச்சி என்ன சொன்னாள் என்பதை நாங்கள் யாரிடமும் சொல்வதில்லை. இங்கேயும் நான் எழுதவில்லை.

பத்து வருடம் யாரும் மணியை அந்த வரிசையிலிருந்து நகரச் சொல்லவில்லை. பிள்ளைகளின் தலைகளுக்கு மேலே மணியின் தோள் தெரியும். அது வாசலில் நிற்கும் வேப்பமரம் மாதிரி எல்லோருக்கும் பழகிவிட்டது. சரவெடி பின்னுவதில் மணியின் கைவேகத்துக்குக் கம்பெனியில் ஆள் இல்லை. அதனால் ஃபோர்மேன் ஞானசீலனும் கண்டுகொள்ளவில்லை.

அறுபத்து நான்காம் வருடம் மாசி மாதம் நாலாவது ஷெட் வெடித்தது.

ஐந்து பேர் செத்தார்கள். அதில் ஒன்று செல்லக்கனி. ஒன்பது வயது. வரிசையில் தினமும் மணிக்கு முன்னால் நிற்கும். மணியின் சாரத்து நுனியை விரலில் சுற்றிக்கொண்டே நிற்கும். அதை ஒரு பாயில் வைத்து நானும் மணியும்தான் வாசல்வரை தூக்கி வந்தோம். பாயில் கனமே இல்லை. அதற்கு மேல் அந்த நாளைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. சாயங்காலம் கை கழுவினேன், அலுமினியப் பொடி வெள்ளியாகத் தண்ணீரில் மிதந்தது. அது ஞாபகம் இருக்கிறது.

கம்பெனியை ஏழு வாரம் மூடி வைத்தார்கள். சர்க்கார் ஜீப் வந்தது, போனது. யாரோ ஒரு பெண்ணின் தலையில் ஊசி இருந்திருக்கும் என்று பேசிக்கொண்டார்கள். யார் என்று யாருக்கும் தெரியாது. அந்த வழியாகப் போகும்போது வேலுத்தாய் மதினி வீட்டுக் கதவு சாத்தியே இருந்தது.

அந்த ஏழு வாரமும் நான் வாசகசாலைப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ரஷ்யாவில் எங்கோ ஒரு ரயில் நிலையம். பனி பெய்கிறது. ஒரு பெண் யாருக்காகவோ காத்திருக்கிறாள். மாசி, பங்குனி இரண்டு மாதமும் அவள் அதே பக்கத்தில் காத்திருந்தாள். நான் தாளைத் திருப்பவில்லை. அடுப்பில் சோறு கொதித்து வழிந்தாலும் பார்த்துக்கொண்டுதான் இருப்பேன். மணி வந்து அடுப்பைத் தணிப்பார்.

சித்திரையில் கம்பெனியைத் திறந்தார்கள். வாசலில் ஞானசீலன் ஒரு காகிதத்துடன் நின்றார். எங்கள் கோயிலில் ஞாயிற்றுக்கிழமை வேதம் வாசிக்கிறவர். அதே குரலில் வாசித்தார்.

"பதினாலு வயசுக்குக் கீழ உள்ளதுக எல்லாம் வீட்டுக்குப் போங்க. இனி சிறுசுக வரிசை கிடையாது. மத்தவுகளுக்கு டாக்டர் சீட்டு வேணும். ரெண்டே வரிசை."

பிள்ளைகள் கலைந்து போனார்கள். எனக்குப் பதினாறு வயது. டாக்டர் சீட்டைக் காட்டிவிட்டுப் பெண்கள் வரிசையில் போய் நின்றேன். நடுவில் மணி மட்டும் நின்றார். முன்னாலும் ஆள் இல்லை, பின்னாலும் ஆள் இல்லை.

ஞானசீலன் காகிதத்தை மடித்தார். "மணி, எதுன்னாலும் எனக்குச் சம்மதம். ஆனா ரெண்டுல ஒண்ணு. ஜீப்பு எப்ப வரும்னு சொல்ல முடியாது."

முதல் நாள் மணி பெண்கள் வரிசைக்கு வந்தார். முன்னால் நின்ற இரண்டு பேர் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தள்ளி நின்றார்கள். வேலுத்தாய் மதினி இரண்டு கையையும் நீட்டினாள். கை பாதியில் நின்றது.

"எங்கன தொட, எங்கன விட? சொல்லு மணி, எனக்குத் தெரியல" என்றாள். அவள் கேலி செய்யவில்லை. உண்மையாகத்தான் கேட்டாள். ஆனால் பின்னால் யாரோ சிரித்தார்கள். மணி திரும்பி வீட்டுக்குப் போய்விட்டார்.

இரண்டாம் நாள் ஆண்கள் வரிசை.

"ஏலே…" என்று உக்கிரபாண்டி ஆரம்பித்தார். "இல்ல, ஏட்டி… இரு, மொதல்ல ஒன்னைய என்னன்னு கூப்புடணும்னு சொல்லு. பெறவு தடவுதேன்."

"மணின்னு கூப்புடுங்க."

"மணி எம்புட்டுன்னு பாத்துருவோமா?" என்றார் உக்கிரபாண்டி. வரிசையே சிரித்தது. அவர் தடவினார். பிறகு தேவையில்லாத இடத்தில், எல்லோரும் பார்க்க, இன்னொரு முறை தடவினார். மணி அசையாமல் நின்று, உள்ளே போய், நாள் முழுதும் சரம் பின்னினார். சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் பாயிலிருந்து எழவில்லை.

அன்று ஞானசீலன் வீட்டுக்கு வந்தார். வெளியிலேயே சைக்கிளைப் பிடித்தபடி நின்றார். "அக்கா, மணி வீட்டுலயே இருந்து தீப்பெட்டிக் கூடு ஒட்டட்டும். மரச்சில்லும் பசையும் நானே குடுத்து விடுதேன். மழையில நனைய வேண்டாம், வெயில்ல காய வேண்டாம். ஒருத்தரு பேச்சும் கேக்க வேண்டாம்."

அம்மாவுக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. அவள் முகத்தில் தெரிந்தது. ஆரோக்கியம் என்று அம்மாவுக்குப் பெயர். தீப்பெட்டி ஆபீசில் சட்டத்தில் குச்சி அடுக்கி அடுக்கி விரல் நுனியில் ரேகை தேய்ந்துவிட்டது. அவள் உள்ளே திரும்பி, "என்ன மணி சொல்லுத?" என்றாள்.

மணி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். "பூட்டும் வாங்கிக் குடுத்துருவாரா?" என்றார்.

"அப்படிச் சொல்லல மணி" என்றார் ஞானசீலன்.

"நாலு பேரு போற வாசல் வழியாப் போகணும். சாயங்காலம் அவுகளோட திரும்பி வரணும். அம்புட்டுத்தான் அண்ணாச்சி. வேற ஒண்ணும் கேக்கல."

அம்மா மறுபடியும் வாசலுக்குத் திரும்பினாள். பிறகு ஞானசீலனிடம், "அது கூடு ஒட்டாது தம்பி. நாளைக்கு நான் கூட்டிட்டு வாரேன்" என்றாள்.

நாலாம் நாள் அம்மா தன் வேலைக்குப் போகாமல் எங்களோடு வந்தாள். வாசலில் மணியைப் பழைய இடத்தில், நடுவில் நிறுத்தினாள். தானும் பக்கத்தில் நின்றாள். நான் பெண்கள் வரிசையில் நின்று அதை யாரோ ஒரு குடும்பத்தைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு வரிசையும் உள்ளே போய்க்கொண்டிருந்தது. அம்மா என் பக்கம் திரும்பி, "இன்பம்" என்று என் பெயரைச் சொன்னாள். அவ்வளவுதான். நான் போய் மணிக்குப் பின்னால் நின்றேன்.

ஞானசீலன் தலையைச் சொறிந்தார். தீபாவளி ஆர்டர் ஏழு வாரம் பின்தங்கியிருந்தது. "இப்படி நின்னா எப்படி அக்கா? சோதிக்க ஆளு வேணும்லா?"

எதிர்பாராமல் வேலுத்தாய் மதினிதான் பேசினாள். "கூடப்பெறந்தவதான நிக்கா. அவ தொடட்டும். நான் பக்கத்துல நின்னு பாக்கேன்."

"ஏதாச்சும் ஒண்ணு உள்ள போச்சுன்னா?"

"போச்சுன்னா அக்கா தங்கச்சி…" என்று ஆரம்பித்தவள் நிறுத்தி, "இதுக ரெண்டையும் வெளிய அனுப்புங்க" என்றாள்.

ஞானசீலன் ஒத்துக்கொண்டார். மறுநாளிலிருந்து கம்பெனி வாசலில் மணியைச் சோதிக்கிற வேலை எனக்கு.

நான் எப்படிச் சோதித்தேன் என்பதைச் சொல்ல வேண்டும். இரண்டு கையையும் மணியின் தோளுக்குப் பக்கத்தில் கொண்டுபோவேன். சட்டைத் துணி உள்ளங்கையில் படும், உடம்பு படாது. அப்படியே இடுப்புப் பக்கம் இறக்கி, சாரத்தின் ஓரத்தைத் தொட்டு, "ஒண்ணுமில்ல மதினி" என்பேன். ஒன்று இரண்டு எண்ணுவதற்குள் முடிந்துவிடும். மணி இரண்டு நாள் பட்டதே போதும், நானும் தடவ வேண்டாம் என்று நினைத்தேன். அது மட்டும் இல்லை. பாயைத் தூக்கிய நாளுக்குப் பிறகு எனக்கு யாரையும் தொடப் பிடிக்கவில்லை. அம்மா தலையில் எண்ணெய் வைக்க வந்தால்கூட நகர்ந்துகொள்வேன். கையில் எது பட்டாலும் அது தூரத்தில் இருப்பது போல இருந்தது. வேலுத்தாய் மதினி பக்கத்தில் நிற்பாள், ஆனால் அவளும் எங்கள் பக்கம் பார்க்காமல் டப்பாவைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

இப்படி மூன்று வாரம் போனது. மணி தினமும் வேலைக்கு வந்தார். சரம் பின்னினார். நான் நல்லது செய்ததாக நினைத்துக்கொண்டேன்.

வைகாசியில் ஒரு காலை. வாசலைத் தாண்டி நாற்பது அடி போனால், தூக்குச்சட்டிகளை வைக்கும் கொட்டகை. அதற்கும் அப்பால்தான் ஷெட்டுகள். கொட்டகைப் பக்கம் யாரும் இல்லை. மணி நின்று, "இன்பம், இங்க வா" என்றார்.

சாரத்தின் மடிப்பை அவிழ்த்துக் காட்டினார். உள்ளே ஒரு இரும்பு ஆணி. என் சுண்டுவிரல் நீளம் இருக்கும்.

நான் ஷெட்டுகளைப் பார்த்தேன். நாலாவது ஷெட் இருந்த இடத்தில் புதுச் சுவர் பாதி எழும்பியிருந்தது.

"இது எப்படி வந்துச்சு?"

"நீதான உள்ள விட்ட? ஒண்ணுமில்ல மதினின்னு சொன்னயே."

"வேணும்னு கொண்டாந்தியா? பைத்தியமா ஒனக்கு? ரெண்டு பேருக்கும் வேலை போயிரும்."

"போகட்டும்" என்றார் மணி. சத்தமே போடவில்லை. "மூணு வாரமா நீ என்னையத் தொடல. ஒரு நாள் கூடத் தொடல. காத்தத் தடவிட்டு ஒண்ணுமில்லங்கெ."

"ஒனக்குக் கூச்சமா இருக்கும்னுதான்…"

"ஆரம்பத்துல நானும் அப்படித்தான் நெனச்சேன். நம்ம இன்பத்துக்கு எம்புட்டுப் பிரியம்னு நெனச்சேன். பெறவுதான் பாத்தேன், வேலுத்தாயி மதினி மத்தவுக கொண்டைக்குள்ள வெரல விட்டுத் தேடுதா. கிழவியக்கூட விடல. என்னைய மட்டும் யாரும் தேடல. உக்கிரபாண்டி தொட்டாரு, அது வேற. நீ தொடாம விடுத, அதுவும் வேற. ரெண்டுலயும் நான் இல்ல." வளையலை மேலே தள்ளிவிட்டுக்கொண்டார். "செல்லக்கனிய எப்படிப் பாத்து உள்ள விட்டாக? தலையிலருந்து கால் வரைக்கும். முதுகுல ஒரு தட்டு. எனக்கும் அப்படித்தான பத்து வருசம்?"

படித்த கதைகளில் இந்த இடத்தில் யாராவது அழுவார்கள். எனக்கு அழுகை வரவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஷெட்டுக்கு ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள்.

ஆணியை மணலில் போட்டால் யாராவது மிதித்து உள்ளே கொண்டுபோய்விடுவார்கள். சுவருக்கு மேலே எறிந்தால் யாராவது பார்ப்பார்கள். நான் கையை நீட்டினேன். மணி ஆணியை என் உள்ளங்கையில் வைத்தார். அதை மூடிக்கொண்டு வாசலுக்கு நடந்தேன். அந்த நாற்பது அடியில், ஞானசீலன் எதிரே வந்தால் எங்கள் இருவருக்கும் இனிமேல் இந்த வாசல் இல்லை என்பதை மட்டும் நினைத்தேன். அவர் வரவில்லை.

வேலுத்தாய் மதினி தகர டப்பாவை மூடிக்கொண்டிருந்தாள். நான் கையைத் திறந்து காட்டினேன்.

"மணி மடியில இருந்துச்சு மதினி. நான் பாக்கல. நான் மூணு வாரமாப் பாக்கல."

மதினி ஆணியைப் பார்த்தாள். பிறகு தரையில் உட்கார்ந்தாள். காலை நீட்டி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அன்னைக்கும் இப்படித்தான் ஏதோ ஒண்ணு எங்கையில தட்டாமப் போயிருக்கும்" என்றாள். "முப்பத்தேழு பேரு. ஒவ்வொருத்தி தலையா நெனச்சு நெனச்சுப் பாக்கேன். எல்லாத் தலையிலயும் தேடுன மாதிரித்தான் இருக்கு."

என் கையிலிருந்து ஆணியை எடுத்து டப்பாவில் போட்டாள். ஊசிகளுக்கு நடுவே அது விழுந்த சத்தம் கேட்டது.

"ஃபோர்மேனுகிட்ட…" என்றேன்.

"சொல்லு, போ. சொன்னா ரெண்டு பேரு இல்ல, மூணு பேரு வெளிய. ஒங்கம்மா குச்சி அடுக்குத எடத்துல எனக்கும் ஒரு பலகை போட்டு வைக்கச் சொல்லு." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "நாளைக்கு நான் டப்பாவப் பாக்க மாட்டேன். ஒங்கையத்தான் பாப்பேன்."

அன்று இரவு மணிக்கும் எனக்கும் நடுவில் கோபம் இல்லை. அம்மா இருவருக்கும் சோறு போட்டாள், இருவரும் சாப்பிட்டோம்.

மறுநாள் வாசலில் நான் மணிக்கு எதிரே நின்றேன். வேலுத்தாய் மதினி என் தோளுக்குப் பக்கத்தில் நின்றாள். மணி கையை விரித்து நின்றார். இரண்டு வரிசையும் பார்த்தது.

முடிக்குள் விரலை விட்டேன். காதுக்குப் பின்னால், பிடரியில். சட்டைக் காலரை மடித்துப் பார்த்தேன். வளையல்களைத் தள்ளி மணிக்கட்டைப் பார்த்தேன்.

"என்னளா, பேன் பாக்கியா?" என்று ஆண்கள் வரிசையிலிருந்து உக்கிரபாண்டி குரல் கொடுத்தார்.

"அடுத்தது ஒங்க மீசை அண்ணாச்சி. அதுக்குள்ளதான் என்னமோ கெடக்குன்னு பேச்சு" என்றார் மணி.

சிரிப்பு எழுந்தது. இந்தத் தடவை இரண்டு வரிசையிலும். உக்கிரபாண்டி கை தன்னையறியாமல் மீசைக்குப் போனது.

நான் சிரிக்கவில்லை. இரண்டு கையையும் தோளில் வைத்து அழுத்தி இறக்கினேன். அக்குளுக்குக் கீழே விலா எலும்புகள் ஒவ்வொன்றாகக் கையில் பட்டன. மணி இவ்வளவு மெலிந்திருப்பது எனக்குத் தெரியாது. ஒரே வீட்டில், அடுத்த பாயில் படுத்திருக்கிறேன். தெரியாது.

இடப்பக்கம் உள்ளங்கைக்குக் கீழே படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. ஓடி வந்தவரின் நெஞ்சு போல அடித்தது. முகத்தைப் பார்த்தேன். மணி நேராகப் பார்த்துக்கொண்டு, உதட்டோரத்தில் அந்த மீசைக் கேலியின் மிச்சத்தோடு நின்றார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. தினமும் இந்த வாசலில் இப்படித்தான் அடித்திருக்கும். பத்து வருடமும் அடித்திருக்குமா, இந்த மூன்று வாரம் மட்டுமா, தெரியவில்லை.

கையை எடுக்காமல் நின்றேன்.

"ஏதாச்சும் இருக்கா?" என்று வேலுத்தாய் மதினி குனிந்து கேட்டாள். பின்னால் ஆட்கள் நெருக்கினார்கள். உள்ளே இரண்டாவது சங்கு ஊதினார்கள்.

"இன்னும் முடியல மதினி" என்றேன்.